கிருமியைக் கொல்ல வேண்டாம், கலைத்தால் போதும்

கேள்வி: எனக்கு வயது 38. காலை, இரவு இரண்டு வேளையும் பல் துலக்குகிறேன். ஒரு வருடமாகத் தினமும் இரண்டு முறை மவுத்வாஷும் உண்டு. இருந்தும் மாலை ஆனால் கீழ் முன்பற்களின் உள்பக்கம் நாக்கில் வழவழவென்று தட்டுப்படுகிறது. பல் துலக்கித் துப்பும்போது சில நாள் ரத்தமும் தெரிகிறது. போன முறை பல் சுத்தம் செய்தவர், "பயோஃபிலிம் நிறையப் படிந்திருக்கிறது" என்றார். இதை அழிக்க இன்னும் வீரியமான மவுத்வாஷ் இருக்கிறதா? ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் எடுத்தால் ஒரேயடியாகத் தீராதா? பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூல் போட்டால் ரத்தம் வருவதால் அதை நிறுத்திவிட்டேன். இனிப்பு அதிகம் சாப்பிடுவதில்லை. வேலை நேரத்தில் சர்க்கரை போட்ட டீ மட்டும்தான். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

வீரியமான மவுத்வாஷ் வேண்டாம். ஆன்டிபயாடிக் நிச்சயமாக வேண்டாம். ஃப்ளாஸை நிறுத்தியதுதான் தவறு. டீயைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுவும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அப்பாவி இல்லை.

உங்கள் கடிதம் முழுக்க "அழிப்பது" என்ற எண்ணம் ஓடுகிறது. மனித வாய்களில் இதுவரை 700-க்கும் மேற்பட்ட வகை பாக்டீரியாக்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நமக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. சில உதவியும் செய்கின்றன. உதாரணமாக, கீரை, காய்கறிகளில் இருந்து உடலுக்குள் போகும் நைட்ரேட்டை நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள்தான் நைட்ரைட்டாக மாற்றித் தருகின்றன. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உடலில் உருவாகும் வழிகளில் இதுவும் ஒன்று. எல்லாவற்றையும் அழிக்க முடியாது, அழித்தாலும் நல்லதில்லை. அவை பல்லின் மேல் ஒரே இடத்தில் எத்தனை நாள் கலையாமல் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

கன்னத்தின் உள்தோல், நாக்கு, ஈறு எல்லாமே தம் மேலடுக்கு செல்களைத் தொடர்ந்து உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒட்டிக்கொண்ட கிருமியும் அந்த செல்லோடு சேர்ந்து எச்சிலில் இறங்கிப் போய்விடும். பல் உதிர்க்காது. அதனால் அங்கே ஏறி உட்கார்ந்தது, யாராவது எடுக்கும் வரை உட்கார்ந்தே இருக்கும்.

பல்லை எவ்வளவு பளபளப்பாகத் துலக்கினாலும் அடுத்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் எனாமல் மேல் மெல்லிய சவ்வாகப் படிந்துவிடும். பெல்லிக்கிள் என்று இதைச் சொல்வோம். இது நல்லதுதான், அமிலம் நேரடியாக எனாமலைத் தாக்காமல் ஓரளவு காக்கிறது. ஆனால் பாக்டீரியாவுக்குக் கால் ஊன்றக் கிடைக்கும் பிடிமானமும் இதுவே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையில் சாங்குவினிஸ், ஓராலிஸ், மைட்டிஸ் போன்றவையும் ஆக்டினோமைசஸும் முதலில் வந்து ஒட்டும். ஆரம்பத்தில் இந்தப் பிடி தளர்வானது. சில மணி நேரத்தில் அவை பெருகி, தம்மைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டி.என்.ஏ. துணுக்குகள் எல்லாம் கலந்த கோந்து போன்ற ஒன்றைச் சுரக்கத் தொடங்கும். மாலையில் உங்கள் நாக்கில் படும் வழவழப்பு இந்தக் கோந்தும் அதற்குள் இருக்கும் பாக்டீரியாவும்தான். பல் சுத்தம் செய்தவர் பயோஃபிலிம் என்று சொன்னது இந்தப் படலத்தைத்தான், பல் மேல் படிந்ததைப் பிளேக் என்றும் சொல்வோம்.

அப்புறம் வருகிறவர்கள் பல்லை நேரடியாகப் பிடிப்பதில்லை, ஏற்கனவே உட்கார்ந்திருப்பவர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற நீண்ட, ஊசி போன்ற பாக்டீரியாவுக்கு முக்கியமான பங்கு உண்டு. முன்னால் வந்தவற்றோடும் ஒட்டும், பின்னால் வருபவற்றோடும் ஒட்டும். படலம் தடிக்கத் தடிக்க உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. அந்தச் சூழலுக்காகவே காத்திருப்பவை போல, ஆக்சிஜன் பிடிக்காத வகைகள் அங்கே குடியேறுகின்றன. ஈறு நோயோடு தொடர்புடைய போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தது. இவை தமக்குள் ரசாயன சமிக்ஞைகளும் பரிமாறிக்கொள்கின்றன. எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டியதும் மரபணுக்களின் செயல்பாட்டையே மாற்றிக்கொள்கின்றன. தனியாக மிதக்கும் பாக்டீரியாவும் படலத்துக்குள் இருக்கும் அதே பாக்டீரியாவும் நடத்தையில் கிட்டத்தட்ட இரண்டு வேறு உயிர்கள்.

மவுத்வாஷ் உங்களைக் கைவிட்டதற்குக் காரணம் இதுதான். பாட்டிலில் "99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்" என்று போட்டிருக்கும். அப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் திரவத்தில் மிதக்கும் பாக்டீரியாவை வைத்துச் செய்த சோதனையில் வருபவை. முதிர்ந்த படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, மிதக்கும் அதே பாக்டீரியாவுக்குத் தேவைப்படுவதைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து கூடத் தேவைப்படலாம். கோந்து மருந்தை மெதுவாகத்தான் உள்ளே விடும், வழியிலேயே கொஞ்சத்தைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். அடியில் இருப்பவை சோம்பலாக, வளராமல் கிடக்கும். வளரும் செல்லைத் தாக்கும் மருந்துகளுக்கு அவை சிக்குவதில்லை. நீங்கள் கொப்பளிப்பதோ அரை நிமிடம்.

நீங்கள் ஒரு வருடமாகச் செய்யும் இந்தப் பரிசோதனையை 1683-லேயே ஒருவர் செய்து எழுதி வைத்துவிட்டார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அன்டோனி வான் லீவன்ஹுக். தானே தயாரித்த நுண்ணோக்கியில் தன் பல் அழுக்கைப் பார்த்து, அதில் நெளியும் சிறு உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மனிதர் பல் விஷயத்தில் கவனமானவர். தினமும் உப்பால் தேய்த்து, குச்சியால் இடுக்கைச் சுத்தம் செய்து, துணியாலும் துடைப்பவர். அப்படியும் பற்களுக்கு நடுவே கெட்டியான வெள்ளைப் பொருள் இருந்தது. காட்டமான வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டுப் பார்த்தார், அந்த அழுக்கில் ஏராளமான உயிர்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. பிறகு அதே அழுக்கை வெளியே எடுத்துத் தண்ணீரில் கரைத்து, அதில் கொஞ்சம் வினிகர் விட்டார். உடனே செத்துப்போயின. வினிகர் அந்தப் பொருளுக்குள் ஊடுருவவில்லை என்று சரியாகவே முடிவுக்கு வந்தார். பயோஃபிலிம் என்ற சொல் புழக்கத்துக்கு வர இன்னும் சுமார் முந்நூறு ஆண்டுகள் இருந்தன! (வினிகரை நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம், எனாமலை அமிலம் அரிக்கும்.)

பாசி பிடித்த படிக்கட்டில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் வழுக்கல் போகாது, தேய்த்தால்தான் போகும். இதுவும் அப்படித்தான்.

எங்கள் கையில் இருப்பதிலேயே நன்கு சோதிக்கப்பட்ட மவுத்வாஷ் மருந்து குளோர்ஹெக்சிடின். 0.2 சதவீதக் கரைசல் 10 மில்லி, ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பது பழக்கமான அளவு. அதன் மூலக்கூறு பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும். சுத்தமான பல்லில் புதுப் படலம் உருவாகாமல் தடுப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். ஏற்கனவே தடித்துப்போன படலத்தின் முன்னால் அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. அதனால்தான் ஈறு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பிரஷ் வைக்க முடியாத ஒன்றிரண்டு வாரத்துக்கு அதை எழுதித் தருகிறோம். மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், சுவை மாறும், காரை (கல்லாகிப்போன படலம்) சேர்வதும் அதிகமாகும். ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது: பற்பசையில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் குளோர்ஹெக்சிடினை முடக்கிவிடும். துலக்கி முடித்த கையோடு கொப்பளித்தால் பாதி வீண். குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். நீங்கள் எந்த மவுத்வாஷ் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. குளோர்ஹெக்சிடின் என்றால் இன்றே நிறுத்துங்கள். ஃப்ளூரைடு கலந்த சாதாரண வகை என்றால், துலக்கிய உடனே வேண்டாம், மதியம் போல வேறு நேரத்தில் கொப்பளியுங்கள், தப்பில்லை.

ஆன்டிபயாடிக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை குடலில் இருந்து ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து ஈறு வழியே கசிந்து, பல் மேல் இருக்கும் படலத்தை வந்து சேர வேண்டும். வந்து சேரும் அளவு, படலத்துக்குள் இருப்பவற்றைக் கொல்லப் போதாது. முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, சில தீவிரமான ஈறு நோய்களிலோ கொடுக்கிறோம். ஈறு நோய்க்குக் கொடுக்கும்போது கூட, முதலில் கருவியால் படலத்தைச் சுரண்டிக் கலைத்த பிறகுதான். உங்களுக்கு அதற்கான எந்த அறிகுறியும் இல்லை. தேவையில்லாமல் போட்டால் வயிறு கெடும், மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும். பல் வழவழப்பு அப்படியே இருக்கும்.

இப்போது ரத்தம். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஈறு மருத்துவரும் அவரது குழுவினரும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் பழையபடி சரியானது. அவர்களுக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை. ஈறில் ரத்தம் வருவது, அந்த இடத்தில் படலம் நாட்கணக்கில் கலையாமல் இருக்கிறது என்பதற்கான அடையாளம். நீங்கள் அதைப் பார்த்துப் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டீர்கள். படலம் இன்னும் தடித்தது, ஈறு இன்னும் வீங்கியது, தொட்டால் இன்னும் ரத்தம். ரத்தம் வரும் இடத்தில்தான் மென்மையாக, ஆனால் விடாமல் சுத்தம் செய்ய வேண்டும். முதல் நாலைந்து நாள் ரத்தம் வரும், எதிர்பாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் அங்கே காரையோ, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான பள்ளமோ இருக்கிறது என்று பொருள்.

லோவும் அவரது சகாக்களும் 1973-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பல் மருத்துவ மாணவர்களைப் பிரித்து, சிலரை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, சிலரை 48, சிலரை 72, சிலரை 96 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று முழுமையாகச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். 48 மணி நேரக்காரர்களின் ஈறு கூட நன்றாகவே இருந்தது! 72, 96 மணி நேரக் குழுக்களுக்கு அழற்சி வந்தது. இதைப் படித்துவிட்டு இரண்டு நாளைக்கு ஒரு முறை துலக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். முழுமையாக என்பதுதான் அதில் சிரமமான சொல். நம்மில் யாரும் ஒரு தடவையில் எல்லாப் பரப்பையும் எடுப்பதில்லை. ஃப்ளூரைடு தினமும் பல்லில் படுவதும் சொத்தைக்கு எதிராகத் தேவை. ஆனால் எத்தனை முறை துலக்குகிறோம் என்பதை விட எந்த இடத்தை விட்டுவிடுகிறோம் என்பது முக்கியம் என்று அந்த ஆய்வு காட்டிவிட்டது. உங்கள் பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு வேளை துலக்குகிறீர்கள், இரண்டு வேளையும் அதே இடங்களை விடுகிறீர்கள்.

எந்த இடம் என்று நான் ஊகிப்பதை விட நீங்களே பார்த்துவிடலாம். பிளேக் காட்டும் நிற மாத்திரை பல் மருத்துவமனைகளிலும் சில மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயம்தான் அது. இரவு வழக்கம் போலத் துலக்கி முடித்துவிட்டு, உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டு, ஒரு மாத்திரையை மென்று எச்சிலோடு வாய் முழுக்கச் சுழற்றித் துப்புங்கள். ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். சுத்தமான எனாமலில் சாயம் நிற்காது. படலம் இருக்கும் இடமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு முன்பற்களின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கும், ஏனென்றால் எல்லோரும் சிரிக்கும் பகுதியைத்தான் தேய்க்கிறோம். ஈறை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். இரண்டு பற்கள் சேரும் இடத்தில் முக்கோணமாகச் சிவந்திருக்கும். கீழ் முன்பற்களின் உள்பக்கம், கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம், வலது கைக்காரராக இருந்தால் பெரும்பாலும் வலது கோரைப்பல் வளையும் இடம், இங்கெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தச் சிவப்பு போகும் வரை மறுபடி துலக்கிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, பிரஷை எப்படித் திருப்ப வேண்டியிருக்கிறது என்று உங்கள் கைக்கே புரிந்துவிடும். நான் பத்து நிமிடம் பேசுவதை விட இது நன்றாக வேலை செய்கிறது. வாரம் ஒரு முறை, ஒரு மாதம் செய்யுங்கள். அதற்கு மேல் தேவைப்படாது.

மென்மையான நார் உள்ள, தலை சிறிய பிரஷ் போதும். நார்களைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சுமார் 45 டிகிரி சாய்த்து வைத்து, அதே இடத்தில் சின்னச் சின்ன அசைவாக அதிர விட்டு, பிறகு அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷைச் செங்குத்தாக நிமிர்த்தி, அதன் நுனியால் தேய்க்க வேண்டும். அங்கிருந்தே தொடங்குங்கள், பொறுமை தீர்வதற்கு முன் கடினமான இடம் முடிந்துவிடும். அழுத்த வேண்டாம். படலம் மென்மையானது, நார் தொட்டாலே வரும். அழுத்தினால் ஈறு கீழிறங்கி வேர் தேயும், கூச்சம் வரும். எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கலாமா என்று கேட்பீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் சாதாரண பிரஷை விட பிளேக் சுமார் 21 சதவீதம் குறைந்தது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2014-ல் வெளியான காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் அதுவும் இரண்டு பல்லுக்கு நடுவே நுழையாது.

இடுக்குக்கு ஒன்றை ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். பற்கள் நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ். நேராக அழுத்தி ஈறை அறுத்துவிடாமல், ரம்பம் இழுப்பது போல மெல்ல உள்ளே இறக்கி, ஒரு பல்லைச் சுற்றி C வடிவில் வளைத்து மேலும் கீழும் நாலைந்து முறை தேயுங்கள், பிறகு பக்கத்துப் பல்லுக்கும் அதே போல. நடுவில் உள்ள உணவுத் துணுக்கை எடுப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பல்லின் பக்கச் சுவரைத் துடைப்பதுதான் முக்கியம். இடைவெளி கொஞ்சம் இருந்தால் கம்பியில் நார் சுற்றிய இடுக்கு பிரஷ் ஃப்ளாஸை விடச் சுலபம், நன்றாகவும் வேலை செய்யும். எந்த அளவு என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு கூடத் தேவைப்படும். ஒரு நாளைக்கு ஒரு முறை, இரவில். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும், அப்போதுதான் படலத்துக்குக் கொண்டாட்டம். துலக்கியதும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள், பற்பசையின் ஃப்ளூரைடு பல்லில் கொஞ்சம் தங்கட்டும்.

சரி, டீ. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையில் இருந்து இரண்டு பொருள்கள் செய்கிறது. ஒன்று அமிலம். இதை வேறு பல மாவுப் பொருள்களில் இருந்தும் செய்ய முடியும். இன்னொன்று குளூக்கான் என்ற, தண்ணீரில் கரையாத பசை. அதற்கு அதன் என்சைம்கள் கேட்பது நாம் டீயில் போடும் அதே வெள்ளைச் சர்க்கரையை, அதாவது சுக்ரோஸை. நீங்கள் ஒவ்வொரு மிடறாகக் குடிக்கும்போது படலத்துக்குச் சாப்பாடும் கிடைக்கிறது, ஒட்டும் பசையும் கிடைக்கிறது. சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் படலத்துக்குள் பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கும், அந்த அளவில் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதை மீட்டுக்கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். ஒரு கோப்பையைப் பத்து நிமிடத்தில் குடித்து முடித்தால் ஒரு இறக்கம். மேசையில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்கச் சப்பினால் பல் அமிலத்திலேயே உட்கார்ந்திருக்கும். எவ்வளவு சர்க்கரை என்பதை விட எத்தனை தடவை என்பது இங்கே கணக்கு. சர்க்கரை இல்லாமல் குடிக்க முடிந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குடியுங்கள். முடியாது என்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து முடித்துவிடுங்கள். இடையில் வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம் பரவாயில்லை, மியூட்டன்ஸால் அதை அமிலமாக்க முடியாது, மெல்லும்போது எச்சிலும் ஊறும்.

இந்தப் பசையையே அறுக்கும் என்சைம்கள், படலத்துக்குள் போய் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூண்டிவிடும் இரும்பு நானோ துகள்கள், அமிலத்தைச் சமன் செய்யும் நல்ல பாக்டீரியாவை வளர்க்கும் ஆர்ஜினைன் பற்பசை என்று ஆய்வுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆர்ஜினைன் ஏற்கனவே சில பற்பசைகளில் வந்துவிட்டது. எதுவும் பிரஷுக்கும் ஃப்ளாஸுக்கும் பதிலாக வரவில்லை, கூடுதலாகத்தான் வருகின்றன.

கடைசியாக ஒன்று. படலம் ஒன்றிரண்டு வாரம் கலையாமல் கிடந்தால் எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிக் கல்லாகிவிடும். அதுதான் காரை. எச்சில் சுரப்பியின் வாய் கீழ் முன்பற்களுக்குப் பின்னால்தான் திறக்கிறது, அதனால் நீங்கள் சொல்லும் அதே இடத்தில் காரை சீக்கிரம் சேரும். அது பிரஷுக்கு வராது, அதன் சொரசொரப்பில் புதுப் படலம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். எனவே மேலே சொன்னவற்றைத் தொடங்குவதோடு காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்குக்கும் மருத்துவரிடம் ஒரு நாள் வாங்கிவிடுங்கள். புகைப்பழக்கமோ சர்க்கரை நோயோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுமே ஈறு நோயைக் கூட்டும், புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவு வெளியே தெரியாமலே உள்ளே நோய் முற்றும். போகும்போது, "ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறுப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மெல்லிய அளவுக் கம்பியால் ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பார்கள், வலிக்காது. 3 மில்லிமீட்டர் வரை சரி. 4-க்கு மேல் போனால் அங்கே வீட்டில் செய்யும் எதுவும் அடி வரை எட்டாது, வேர்ப்பகுதியையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.